நாலு அம்மாக்கள் சேர்ந்தால் பள்ளிக்கூடம் நிமிரும்!



"அந்தப் பள்ளிக்கூடமா? அங்கே சேர்த்தா பிள்ளை உருப்பட்ட மாதிரிதான்!" என்று ஊருக்கு ஊர் ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அங்கே மிச்சம் இருப்பது யார்? கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை, அப்பா இல்லாத பிள்ளை, ஆயா வளர்க்கிற பிள்ளை. ஐந்து வகுப்புக்கு இரண்டே டீச்சர். அதில் ஒருவர் தலைமையாசிரியை. பாதி நாள் கூட்டம், கணக்கு, பதிவு என்று அலைய வேண்டியவர்.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் இப்படிப்பட்டதுதான். என் சின்ன மகன் அங்கேதான் படிக்கிறான். "உன் வீட்டுக்காரர்தான் மெக்கானிக் வேலை பார்த்து நாலு காசு சம்பாதிக்கிறாரே, பையனை ஏன் அங்கே போட்டே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்கட்டும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக, அதிகம் படிக்காத நாங்கள் நாலு அம்மாக்கள் என்ன செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்பதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். 2021 அக்டோபர் 27-ந் தேதி எங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது எனக்கும் ஆசை வந்தது. சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே! ஆனால், தொடக்க வகுப்புக்குத் தன்னார்வலராக வேண்டுமானால் பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும் என்றார்கள். சரி, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம், 2022-ல், பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். அதில் உறுப்பினராக வேண்டுமானால் எந்தப் படிப்பும் தேவையில்லை தோழியரே! உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், பின்தங்கிய வீட்டுப் பெற்றோருக்கும் அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதும் அந்தக் குழுவின் வேலைதான். நம் பலருக்கு இது தெரிவதில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "கையெழுத்து எங்கே போடணும் டீச்சர்?" என்று கேட்டு, போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

எங்கள் குழுவில் நானும், பால் கறந்து ஊற்றும் ஒரு அக்காவும், தையல் தைக்கும் ஒரு தங்கச்சியும், இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மாவும் ஒன்றாகச் சேர்ந்தோம். அந்த இருளர் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

முதல் பிரச்சினை: வயிறு

அப்போதெல்லாம் காலை பிரேயரில் நிற்கும்போதே ஒன்றிரண்டு பிள்ளைகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லும். விடிவதற்கு முன்பே அம்மா கரும்பு வெட்டப் போயிருப்பாள். பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கும். பசி என்று சொல்ல வெட்கப்பட்டு, வயிற்றுவலி என்று சொல்லும்.

பெருந்தலைவர் காமராஜர் 1956-ல் மதிய உணவைக் கொண்டு வந்தார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அதனால் மத்தியானம் சோறும் முட்டையும் உண்டு. ஆனால் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் வரை? அந்த நேரத்தில்தானே கணக்கும் தமிழும் நடக்கிறது! காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்ட் 25-ல் மற்ற அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் ஊருக்கும் அப்போதுதான் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒரு நாளைக்கு ஒன்று. சமைத்தது சுயஉதவிக் குழுப் பெண்கள்.

அதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு வருஷத்தை எப்படி ஓட்டினோம் தெரியுமா? பால்கார அக்காதான் வழி சொன்னார். "பணம் கேட்டா யாரும் தர மாட்டாங்க. ஆளுக்கு ஒரு பிடி கேழ்வரகு கேளு, தருவாங்க" என்றார். அப்படியே செய்தோம். தலைமையாசிரியை சம்மதத்தோடு, வாரம் மூன்று நாள், ஒரு பெரிய குண்டானில் கூழோ கஞ்சியோ காய்ச்சி, பெல் அடிப்பதற்கு முன்பே கொண்டு போய் வைத்துவிடுவோம். 'ஏழைப் பிள்ளைகளுக்கு' என்று தனியாகக் கூப்பிட்டு ஊற்றவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே குண்டான், ஒரே கரண்டி. என் மகனும் அதே வரிசையில்தான் நின்றான். தனியாகக் கூப்பிட்டால் பசியோடு இருக்கிற பிள்ளைதான் முதலில் வராமல் போகும். இது எங்கள் இருளர் அம்மா சொன்ன பாடம்.

இரண்டாவது: பேன்!

சிரிக்காதீர்கள் தோழியரே. ஒரு நாள் ஒரு அம்மா வந்து, "அந்தக் குடிசைப் பிள்ளைங்க பக்கத்தில என் பொண்ணை உட்கார வெக்காதீங்க டீச்சர், பேன் ஏறுது" என்று சத்தம் போட்டாள். பேன் என்று வாய் சொன்னாலும், மனசில் இருந்தது வேறு என்று எல்லாருக்கும் புரிந்தது. டீச்சர் என்ன செய்வார்? இடம் மாற்றி உட்கார வைத்தால் அது பெரிய அநியாயம். மாற்றாவிட்டால் இன்னொரு பிள்ளையும் வேன் ஏறிப் போய்விடும்.

நாங்கள் ஒரு சனிக்கிழமை எல்லாப் பெண் பிள்ளைகளையும், அவர்களின் அம்மாக்களையும் பள்ளிக்கூட மரத்தடிக்குக் கூப்பிட்டோம். தலையை நன்றாக நனைத்து, எண்ணெய் தேய்த்து, நெருக்கமான பேன் சீப்பால் அடி மயிரிலிருந்து நுனி வரை இழுத்தோம். வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தால் எந்தத் தலையில் இல்லை? சத்தம் போட்ட அம்மாவின் பொண்ணு தலையில்தான் அதிகம்! "பேனுக்கு எங்கடி தெரியும், எது யாரு தலைன்னு?" என்று பால்கார அக்கா கேட்க, அந்த அம்மாவே சிரித்துவிட்டாள்.

ஒரு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் ஒரு தடவை வாரினால் போதாது. அடுத்தடுத்த வாரமும் வார வேண்டும். ஒரு தலையை விட்டுவிட்டாலும் மறுபடி எல்லாத் தலைக்கும் வந்துவிடும். ஆகவே எல்லாருக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும். மூன்று சனிக்கிழமை செய்தோம். மூன்றாவது சனிக்கிழமை, அந்த அம்மா ஒரு இருளர் பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. பேசினால் கெட்டுப் போகும்!

படிக்கத் தெரியாதவர் படிப்புச் சொல்லித் தரலாமா?

தரலாம்! 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்தினார்கள். எழுத்தே தெரியாத பிள்ளை அரும்பு. தெரிந்து தடுமாறுகிற பிள்ளை மொட்டு. அந்தந்த வகுப்புப் பாடத்தைப் படிக்கிற பிள்ளை மலர். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் கூடப் பாதிப் பேர் அரும்புதான். "ஒவ்வொரு பிள்ளையும் தினமும் பத்து நிமிஷம் சத்தமாப் படிச்சா போதும்மா. கேட்கத்தான் ஆள் இல்லை" என்றார் டீச்சர்.

கேட்பதற்குக் காது போதாதா? வாரம் இரண்டு நாள், கடைசிப் பீரியட், ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "எனக்குப் படிச்சுக் காட்டு கண்ணு" என்று மட்டும்தான் சொல்வோம். தப்பாகப் படித்தால் திட்ட மாட்டோம். எங்கள் இருளர் அம்மாவுக்கு எழுத்தே தெரியாதே, அவர் என்ன செய்தார்? "எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி, என்ன எழுதியிருக்கு, நீதான் சொல்லணும்" என்பார். பிள்ளைகளுக்கு அவரிடம் படிக்கத்தான் போட்டி! ஒரு பெரிய மனுஷிக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு வருகிற பெருமை சும்மாவா?

வீட்டில் புத்தகம் இல்லாத பிள்ளைக்குச் சோப்பு உறை, பஸ் போர்டு, ரேஷன் கார்டு எல்லாமே புத்தகம்தான். ரேஷன் கார்டில் தன் பெயரைக் கண்டுபிடித்த பிள்ளை அதை அன்றைக்குப் பத்துப் பேரிடம் காட்டியது. கூட்டல் கணக்குக்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். கரும்பலகையில் கணக்குப் போட்டால் பேந்தப் பேந்த விழிப்பான். அவன் அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளை வேலைக்காரர்கள். தைக்கும் தங்கச்சிக்கு ஒரு யோசனை தோன்றியது. "ஏண்டா, ஒரு வரிசைக்கு 25 கல்லு. எட்டு வரிசை அடுக்கினா எத்தனை கல்லு?" என்று கேட்டாள். "200-க்கா!" என்றான் ஒரே மூச்சில். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதானே கூலி! எண்ணிக்கை தப்பினால் சோறு தப்பும். டீச்சரிடம் சொன்னோம். அதற்குப் பிறகு அவனுக்குக் கணக்கெல்லாம் கல்லு கணக்காகவே வந்தது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம்: தை மாசம்

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் தை பிறந்தால் சூளைக்குத்தான் வழி பிறக்கும். பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு லாரி ஏறினால், ஆனி மாசம் மழை வரும்போதுதான் திரும்புவார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது கழியும் வரை நகர முடியாது. கடனுக்காக இப்படி ஆளைப் பிடித்து வைப்பது 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். இருந்தும் நடக்கிறது. பிள்ளைகளும் கூடப் போகிறார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது, காயும் கல்லைத் திருப்பிப் போடுவது என்று ஆறு மாசம் ஓடிவிடும். திரும்பி வரும்போது 'அ'னா கூட மறந்திருக்கும். வகுப்பில் வெட்கம். அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று நின்றுவிடும்.

2025 பொங்கல் சமயம், நான்காம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "இவளை மட்டும் விட்டுட்டுப் போம்மா" என்றோம். அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "பொம்பளைப் புள்ளைய விட்டுட்டுப் போய் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நீங்களாக்கா வந்து பதில் சொல்லுவீங்க?"

அவள் கேட்டது நியாயம். நம் வீட்டுப் பொண்ணை நாம் அப்படி விடுவோமா? படிப்பின் பெருமையைப் பேசி அவள் வாயை அடைக்க முடியாது. அவள் பயத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டோம். வருஷக் கடைசியில் இடம் மாற்ற அவளுக்கு மனசில்லை. கடைசியில், ஊரில் இருக்கிற ஆயாவோடு பிள்ளை தங்குவது என்று முடிவாச்சு. தம்பி, மூன்று வயசுக் குழந்தை, அங்கன்வாடிக்கு. ஆயாவுக்குக் கண் சரியில்லாததால் ராத்திரி துணைக்கு எங்கள் இருளர் அம்மா. மாலை ஆறு மணி வரை பிள்ளை தைக்கும் தங்கச்சி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் செல்போனில் அப்பா அம்மாவோடு பேச்சு.

சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது வாரமே பிள்ளை போனில் அழுதாள், அங்கே அம்மாவும் அழுதாள். "கூட்டிட்டுப் போயிடறேன்க்கா" என்றாள். "அடுத்த ஞாயிறு வரை பொறும்மா" என்று ஒவ்வொரு ஞாயிறாகத் தள்ளினோம். பரீட்சை எழுதினாள். 2025 ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போனாள்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடந்ததா? இல்லை. அந்தக் கல்லு கணக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவனைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை. நாங்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு சீட்டில் பையன் பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர், அவனுடைய எமிஸ் நம்பர் எல்லாம் எழுதி, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தோம். சூளைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அதைக் காட்டச் சொன்னோம். அவன் அம்மா காட்டினாள், சேர்த்துக்கொண்டார்கள். வாரத்தில் பாதி நாள்தான் போனானாம். இருந்தாலும் திரும்பி வந்தபோது எழுத்து மறக்கவில்லை. கூடப் போன வேறு இரண்டு பிள்ளைகள் அங்கே பள்ளிக்கே போகவில்லை. அவர்களுக்கு மறுபடி அரும்பிலிருந்துதான் ஆரம்பம்.

தோழியரே, உங்கள் ஊருக்கும் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ, கரும்பு வெட்டவோ வெளியூர்க் குடும்பங்கள் வரலாம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

* பிள்ளையை வருஷத்தின் நடுவில் எந்த மாசம் கொண்டு போனாலும் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டி.சி. வரவில்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. சாதிச் சான்றிதழ் இல்லாததும் தடை இல்லை.

* இதுவரை பள்ளிக்கே போகாத பத்து வயசுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி தர வேண்டும்.

* பிள்ளையை அடிப்பதும், மனசு நோகும்படி பேசுவதும் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டவை.

* பழங்குடிப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். உதவித்தொகைக்கு அது தேவைப்படும். ஐந்தாம் வகுப்பு முடியும் வரை காத்திருக்காமல் முன்பே மனுப் போடச் சொல்லுங்கள்.

* பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பதோ, கொடுமையோ கண்ணில் பட்டால் 1098. பள்ளிக் கல்வி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417.

இன்னொரு வார்த்தை. டீச்சர்களைத் திட்டிக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு பேர் ஐந்து வகுப்பை மேய்ப்பது நாம் ஐந்து அடுப்பில் ஒரே நேரத்தில் சமைக்கிற மாதிரி. கூடப் போய் ஒரு அடுப்பைப் பார்த்துக்கொண்டால் அவர்களுக்கும் தெம்பு வரும். அதே சமயம், வர வேண்டிய டீச்சர் வரவில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்றால் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அது எழுதியாச்சா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குக் குழாய் வந்தது, அப்படி மூன்று கூட்டத்தில் தொடர்ந்து எழுதின பிறகுதான்.

உங்கள் பிள்ளை தனியார் பள்ளியில் படித்தாலும் பரவாயில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை சத்தமாகப் படிப்பதைக் கேட்க உங்களுக்கு வாரம் அரை மணி நேரம் கிடைக்காதா? டி.வி.யில் ஒரு சீரியல் ஓடுகிற நேரம்தான். நாளைக்கே தலைமையாசிரியையைப் பார்த்து, "நான் என்ன செய்யட்டும் டீச்சர்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற வேலை பேன் வாருவதாகக் கூட இருக்கலாம். தட்டாமல் செய்யுங்கள்!

— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.